நிறம் போனால் போதுமா? சாயக் கழிவுநீரும் ஒளி வினையூக்கியும்: சிலாங்கூர் ஆற்றங்கரையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை



மலேசியாவில் ஆலைக் கழிவுநீருக்கான பொது விதிமுறை 1979-ஆம் ஆண்டில் வந்தது. கழிவுநீரில் எது எவ்வளவு இருக்கலாம் என்று அதில் 23 அளவுகள் பட்டியலிடப்பட்டன. வெப்பம், பாதரசம், காரீயம், சயனைடு, எண்ணெய் என எல்லாம் இருந்தன. நிறம் மட்டும் இல்லை. ஓர் ஆலையிலிருந்து தண்ணீர் நீலமாகவோ சிவப்பாகவோ ஓடினாலும், நிறத்துக்கென்று அளந்து பார்க்க அந்தப் பட்டியலில் எண் கிடையாது. 2009-இல் புதிய விதிமுறை வந்தபோதுதான் நிறம் ஓர் அளவாகச் சேர்ந்தது.

ஆனால் தண்ணீரில் கலந்த நச்சுப்பொருளை ஒளியால் உடைக்கும் வழி 1970-களிலேயே ஆய்வகத்தில் தெரிந்துவிட்டது. அப்படியானால் அந்த வழி ஏன் இன்னும் ஆலை வாசலுக்கு வரவில்லை? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத்தான் விடை தேடுகிறது. வேதியியலில் இதை ‘ஒளி வினையூக்கம்’ என்பார்கள். நாம் இதை வரலாற்றுக் கண்ணோடு பார்ப்போம். அதற்குக் கோலசிலாங்கூரும் வட சிலாங்கூர்த் தோட்டங்களும் நல்ல இடம். நடுவில் ஒரு முறை திருப்பூர் வரை போய் வருவோம்.

1. நம்ம ஆறு, நம்ம தோட்டம்

சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைச் சரிவில் பிறந்து, உலு சிலாங்கூர் மாவட்டத்தைக் கடந்து, பெஸ்தாரி ஜெயா வழியாக வந்து, கோலசிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. நீளம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக மின்னுவதும் இந்த ஆற்றங்கரையில்தான். சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மக்கள் குடிக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் இந்த ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது.

இந்த ஆற்றின் கரையில் மூன்று தொழில்கள் ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒன்றோடொன்று கலந்தும் வளர்ந்தன: ஈயம், பால்மரம், செம்பனை. பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயர் பத்தாங் பெர்சுந்தை. அங்கே ஈயக் கப்பல்கள் மண்ணைத் தோண்டின. பக்கத்திலேயே தோட்டங்கள். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இந்த வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. தொடங்கியவர் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில், 1930-இல், மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காகப் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவரும் அவர்தான். தோட்டத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்க, அங்கே யார் உழைத்தார்கள் என்பது பெயரிலேயே தெரியும்.

பால்மரக் காலத்தில் ஆலையிலிருந்து வந்தது பாலை உறைய வைத்த அமிலத் தண்ணீர். செம்பனைக் காலத்தில் வந்தது அதைவிடக் கெட்டியான, கரும்பழுப்பு நிறக் கழிவுநீர். ஒரு டன் பச்சைச் செம்பனை எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் மிஞ்சும். அதில் எண்ணெய், நார்த்தூள், கரைந்த கரிமப் பொருள் எல்லாம் இருக்கும். அது ஆற்றில் விழுந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கும். தின்னும்போது தண்ணீரிலுள்ள உயிர்வளியையும் தீர்த்துவிடும். மீன் மூச்சுக்குத் தவித்து மேலே மிதக்கும். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்க, அந்தக் கால ஆலைக் கால்வாயின் வாடையைச் சொல்வார்கள்.

2. ஒரு குட்டை எப்படி வென்றது?

கழிவுநீர் எவ்வளவு உயிர்வளியைத் தின்னும் என்று அளக்கும் முறைக்கு ‘உயிர்வேதி உயிர்வளித் தேவை’ என்று பெயர். சுத்திகரிக்காத செம்பனைக் கழிவுநீரில் இது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். வீட்டுச் சாக்கடையைவிட நூறு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நிறைவேறியது. 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்று தனி விதிமுறை வந்தது. அதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் சரி செய்யச் சொல்லாமல், படிப்படியாக இறக்கினார்கள். 1978-இல் வரம்பு 5,000 மில்லிகிராம். அடுத்த ஆண்டு 2,000. பிறகு 1,000, பிறகு 500. 1984-இல் 100. கழிவின் அளவுக்கேற்ப உரிமக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. அதிகம் கழிவு விட்டால் அதிகம் பணம்.

ஆலைகள் என்ன செய்தன? புதிய கண்டுபிடிப்பு எதையும் தேடவில்லை. குட்டை வெட்டின. கழிவுநீரை ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்கு மெதுவாக ஓட விட்டு, நுண்ணுயிர்களே தின்று தீர்க்கும்படி செய்தன. செம்பனை உற்பத்தி வேகமாக ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஆறுகளில் சேர்ந்த கழிவுச் சுமை பெரிதும் குறைந்தது. சட்டமும் எளிய தொழில்நுட்பமும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. தேர்வில் ‘அரசின் பங்கு’ பற்றிக் கேட்டால் இதைத் தாராளமாக எழுதலாம்.

ஆனாலும் ஒன்று மிஞ்சியது. கடைசிக் குட்டையிலிருந்து வெளியேறும் தண்ணீர் இன்னமும் கடுந்தேநீர் போலப் பழுப்பாகத்தான் இருந்தது. நுண்ணுயிர்களால் சுலபமாகத் தின்ன முடியாத லிக்னின், டானின் போன்ற தாவரப் பொருள்கள் அதில் தங்கிவிட்டன. 1977 பட்டியலிலும் நிறத்துக்கு எண் இல்லை. அதனால் அதை யாரும் துரத்தவில்லை.

செம்பனைப் பழுப்பு இயற்கைப் பொருள். அதையே நுண்ணுயிர் தின்னத் தயங்குகிறது என்றால், மனிதன் மங்கவே கூடாது என்று செய்த நிறத்தின் கதி என்ன? இங்கேதான் சாயத்தின் கதை வருகிறது.

3. மங்காத சாயம், கரையாத சிக்கல்

நம் முன்னோர் அவுரியிலிருந்து நீலமும், சாயவேரிலிருந்து சிவப்பும், மஞ்சளிலிருந்து மஞ்சளும் எடுத்தார்கள். 1856-இல் இலண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கான கொயினாவைச் செயற்கையாகச் செய்யப் போய், தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு மூலப்பொருள் நிலக்கரித் தார். இரண்டு ஆண்டுகளில், 1858-இல், பீட்டர் கிரீஸ் கண்ட வேதிவினை ‘அசோ’ சாயங்களுக்கு வழி திறந்தது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் அமைப்பு அது. இன்று உலகில் பயன்படும் சாயங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

1956-இல் இன்னொரு திருப்பம். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் பருத்தி நூலோடு வேதிப்பிணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும் ‘வினைச் சாயங்களை’ விற்பனைக்குக் கொண்டுவந்தது. துவைத்தாலும் போகாது, வெயிலிலும் மங்காது. நாம் உடுத்தும் பருத்தி டி-சட்டை முதல் கிளந்தான், திரெங்கானு பாத்தேக் வரை இந்தச் சாயங்கள் உண்டு.

இப்போது யோசியுங்கள். துணியில் ஒட்டாமல் மிஞ்சிய சாயம் தண்ணீரோடு போகிறது. சோப்புக்கும் வெயிலுக்கும் அசையாதபடி செய்யப்பட்ட பொருள், ஆற்றில் விழுந்ததும் உடனே கரைந்து மறைந்துவிடுமா? துணிக்கடையில் நாம் பாராட்டும் குணம்தான் ஆற்றில் சிக்கலாகிறது. கொஞ்சம் சாயம் போதும், தண்ணீர் இருண்டுவிடும். வெளிச்சம் உள்ளே இறங்காது. நீர்ச்செடிகளின் ஒளிச்சேர்க்கை குறையும், உயிர்வளியும் குறையும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. உயிர்வளி இல்லாத சேற்றில் சில நுண்ணுயிர்கள் அசோ பிணைப்பை வெட்டும். அப்போது நிறம் போய்விடும். ஆனால் வெட்டுப்பட்ட துண்டுகள் ‘நறுமண அமீன்கள்’ எனப்படும் பொருள்கள். அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதை ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற மருத்துவர் 1895-இலேயே கவனித்துச் சொன்னார். ஆக, தண்ணீர் தெளிந்துவிட்டது என்பதால் மட்டும் அது நல்ல தண்ணீர் ஆகிவிடாது. இந்தக் கருத்தைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இது வரும்.

4. திருப்பூர் சொன்ன பாடம்

சாயத்தை நீரிலிருந்து எடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. திருப்பூர் பின்னலாடைக்குப் பெயர் போன ஊர். அதன் நடுவே நொய்யல் ஆறு. நூற்றுக்கணக்கான சாய, வெளுப்பு ஆலைகளின் கழிவுநீர் நொய்யலில் சேர்ந்தது. கீழே, ஈரோடு மாவட்டத்தில், பாசனத்துக்காக 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அந்த அணை சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. பாசனத்துக்குத் தண்ணீர் கேட்க வேண்டிய விவசாயிகள், “இந்தத் தண்ணீர் எங்கள் வயலுக்கு வேண்டாம்” என்று சொல்ல வேண்டிய நிலை.

விவசாயிகளின் சங்கம் நீதிமன்றம் போனது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2009-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உறுதி செய்தது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ஆம் நாள் திருப்பூர் வட்டாரத்தின் சாய ஆலைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. வேலை இழந்த தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். ஆற்றைக் காக்காமல் விட்டதன் விலையைக் கடைசியில் கூலித் தொழிலாளியும் கொடுத்தார்.

பிறகு திருப்பூர் ஆலைகள் மெல்லிய சவ்வு வழியாக நீரைப் பிழிந்தெடுத்து, மிச்சத்தைக் காய்ச்சி வற்ற வைக்கும் முறைக்குப் பெருமளவில் மாறின. தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது. அது உண்மையான முன்னேற்றம். ஆனால் சாயம் எங்கே போனது? உப்பாகவும் சேறாகவும் மூட்டையில் கட்டி அடுக்கப்பட்டது. கரியில் உறிஞ்ச வைத்தாலும் இதே கதைதான், படிகாரம் போட்டுப் படிய வைத்தாலும் இதே கதைதான். தண்ணீரிலிருந்த சிக்கல் வேறோர் இடத்துக்கு மாறியது. அழிக்க ஏதாவது வழி உண்டா என்று தேடியவர்களின் கவனம் ஒரு வெள்ளைத் தூள் பக்கம் திரும்பியது.

5. சுண்ணாம்பாய் உதிர்ந்த சுவர்

டைட்டானியம் டைஆக்சைடு என்பது வெள்ளைத் தூள். சுவர்ச் சாயத்துக்கும், பற்பசைக்கும், வெயில் களிம்புக்கும் வெண்மை தருவது இதுதான். இதைச் சாயத்தில் கலக்கத் தொடங்கிய காலத்தில் உற்பத்தியாளர்களுக்கு ஒரு தலைவலி வந்தது. வெயில் படும் சுவரில் பூசிய சாயம் சில ஆண்டுகளில் சுண்ணாம்பு போல உதிர்ந்தது. கை வைத்தால் வெள்ளையாக ஒட்டும். வெயிலில் இந்தத் தூள் தன்னைச் சுற்றியிருந்த பசையையே தின்றுகொண்டிருந்தது.

1938-இல் இலண்டனில் குடீவ், கிச்சனர் என்ற இரு ஆய்வாளர்கள், இந்தத் தூள் ஒளியில் சாயத்தை வெளுக்கச் செய்வதை முறையாக ஆராய்ந்தார்கள். அதாவது, சாயத்தை ஒளியால் அழிக்கலாம் என்ற செய்தி இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கையில் இருந்தது. ஆனால் சாயத் தொழிலுக்கு அது ஒரு குறைபாடு. அதனால் தூளின் மேல் வேறு பொருளைப் பூசி, அந்தக் குணத்தை அடக்கவே முயன்றார்கள். ஒரே உண்மை ஒரு காலத்தில் குறையாகவும் இன்னொரு காலத்தில் வரமாகவும் பார்க்கப்படும். வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

பார்வை மாறியது ஜப்பானில். 1967-இல் தோக்கியோ பல்கலைக்கழக ஆய்வு மாணவர் அக்கிரா ஃபுஜிஷிமா, தம் ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவின் வழிகாட்டலில், நீரில் வைத்த டைட்டானியம் டைஆக்சைடு படிகத்தின் மேல் ஒளி பாய்ச்சினார். குமிழிகள் வந்தன. தண்ணீர் பிரிந்துகொண்டிருந்தது. 1972-இல் இது ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அடுத்த ஆண்டே உலக எண்ணெய் நெருக்கடி. தண்ணீரிலிருந்து எரிபொருள் எடுக்கலாம் என்று உலகமே இந்தத் தூளைத் திரும்பிப் பார்த்தது.

எரிபொருள் கனவு கைகூடத் தாமதமானது. ஆனால் பக்கவாட்டில் இன்னொரு கதவு திறந்தது. 1976-இல் கனடா ஆய்வாளர்கள், நீரிலுள்ள பி.சி.பி. என்ற பிடிவாதமான நச்சை இந்தத் தூளும் ஒளியும் சிதைப்பதைக் காட்டினார்கள். 1977-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க், பார்ட் என்ற இருவர் சயனைடு நச்சை இதே முறையில் மாற்றிக் காட்டினார்கள். நம் நாட்டில் செம்பனை ஆலைக் கழிவுக்கு விதிமுறை வந்த அதே 1977. இந்த ஆண்டை மறக்க வேண்டாம்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? மூன்று படிகளில் சொல்லிவிடலாம்.

முதலில், புற ஊதா ஒளி தூளின் மேல் படும்போது அதிலுள்ள எலெக்ட்ரான் ஒன்று துள்ளி மேலே போகும். அது இருந்த இடம் காலியாகும். அந்தக் காலியிடத்தைத் ‘துளை’ என்கிறோம்.

அடுத்து, துளை பக்கத்துத் தண்ணீரிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்து ‘ஹைட்ராக்சில் தனி உறுப்பு’ என்ற மிக மூர்க்கமான துகளை உண்டாக்கும். துள்ளிப் போன எலெக்ட்ரானும் சும்மா இருக்காது, நீரிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து இன்னொரு துகளை உண்டாக்கும்.

கடைசியாக, இந்தத் துகள்கள் சாய மூலக்கூற்றைத் தாக்கித் துண்டு துண்டாக்கும். போதிய நேரம் கொடுத்தால் அது கரிவளி, தண்ணீர், சில எளிய உப்புகள் என்று முடியும்.

தூள் தீர்ந்து போவதில்லை. வினையைத் தூண்டிவிட்டு அப்படியே இருக்கும். அதனால்தான் அதற்கு வினையூக்கி என்று பெயர். மூட்டை கட்டி அடுக்கச் சாயம் எதுவும் மிஞ்சாது என்பதே இதன் பெரிய கவர்ச்சி.

6. அப்புறம் ஏன் ஆலைக்கு வரவில்லை?

இங்கே இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று இயற்பியல், இன்னொன்று வரலாறு.

இயற்பியல் காரணம் எளிது. இந்தத் தூளுக்கு ஏறத்தாழ 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளி வேண்டும். சூரிய ஒளியில் புற ஊதாவின் பங்கு நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான். அதுவும் இருண்ட சாயத் தண்ணீருக்குள் இறங்காது. எந்தத் தண்ணீருக்கு மருந்து அதிகம் தேவையோ அந்தத் தண்ணீரில்தான் மருந்து வேலை செய்யத் திணறுகிறது. செம்பனைப் பழுப்பு நீருக்கும் இதே கதைதான். மேலும் தூள் மிக நுண்ணியது. வேலை முடிந்ததும் அதைத் தண்ணீரிலிருந்து வடிகட்டி எடுப்பதே ஒரு தனி வேலை. சாயத் தண்ணீரிலுள்ள உப்பும் வினையைத் தடுக்கும்.

ஆய்வாளர்கள் சும்மா இருக்கவில்லை. தூளில் நைட்ரஜனைக் கலந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இயங்கும்படி செய்ததை 2001-இல் ஜப்பானியர்கள் அறிவித்தார்கள். துத்தநாக ஆக்சைடு, கார்பன் நைட்ரைடு என்று வேறு பொருள்களும் வந்தன. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் பாத்தேக் சாயநீரையும் செம்பனைக் கழிவுநீரின் பழுப்பையும் இந்த முறையில் நீக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் இந்தக் கண்டுபிடிப்பு கடைவீதியில் வென்றது எங்கே தெரியுமா? கண்ணாடியில். 2001-இல் பில்கிங்டன் நிறுவனம் தானே அழுக்கை நீக்கிக்கொள்ளும் சன்னல் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கே தூள் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கிறது, வெயில் நேராகப் படுகிறது, வடிகட்ட வேண்டிய தேவையும் இல்லை.

ஆய்வகச் செய்திகளைப் படிக்கும்போது மாணவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழக வேண்டும். மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைச் சோதனைக்கு அதிகம் பயன்படுத்துவார்கள். ஒரு மணி நேரத்தில் 95 விழுக்காடு நிறம் போனது என்று ஒரு செய்தி வந்தால், ‘நிறம் போனதா, சாயமே போனதா?’ என்று கேளுங்கள். மெத்திலீன் நீலம் உடையாமலேயே நிறமற்ற வடிவத்துக்கு மாறக்கூடியது. அதனால் தண்ணீரில் மிஞ்சிய மொத்தக் கரிமத்தையும் அளந்தால்தான் உண்மை தெரியும். நாம் முன்னே கோடு போட்ட கருத்து இங்கே மறுபடி வருகிறது.

இனி வரலாற்றுக் காரணம். 1977-இல் இரண்டு விதைகள் ஒரே நேரத்தில் மண்ணில் இருந்தன. ஒன்று சாதாரணக் குட்டை. இன்னொன்று அருமையான ஒளி வினையூக்கி. குட்டைக்குப் பின்னால் சட்டம் நின்றது, கட்டணம் நின்றது, ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் வரம்பு நின்றது. ஏழே ஆண்டில் அது நாடெங்கும் பரவியது. ஒளி வினையூக்கிக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. நிறத்துக்கு எண் இல்லாத நாட்டில், நிறத்தை நீக்க எந்த முதலாளி செலவு செய்வார்? 2009 விதிமுறைப்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறமுள்ள ஆலைகளுக்கு ‘ஏ’ தரநிலை. நிற வரம்பு 100 ஏ.டி.எம்.ஐ. அலகு. மற்ற இடங்களுக்கு ‘பி’ தரநிலை; 200 அலகு. நிறத்தை நீக்குவது சட்டப்படி ஒரு கடமையானது அதற்குப் பிறகுதான்.

7. தூளும் நம்ம மண்ணில்தான்

இந்த வெள்ளைத் தூள் எங்கிருந்து வருகிறது? அதன் தாது கறுப்பு. இல்மனைட் என்பார்கள். இரும்பும் டைட்டானியமும் உயிர்வளியும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரிக் கரையில், மணவாளக்குறிச்சி மணலில் அது உண்டு. நம் நாட்டில் அது ஈயச் சுரங்கத்தின் மிச்சத்தில் இருக்கிறது. ஈயத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கனமான கருமணலை ‘அமாங்’ என்பார்கள். இல்மனைட், சிர்கோன், மோனசைட் எல்லாம் அதில் உண்டு. ஈயத்துக்காகத் தோண்டிய காலத்தில் கழிவென்று ஒதுக்கிய மணலில், நீரைச் சுத்தம் செய்யும் தூளின் தாதுவும் இருந்தது.

ஆனால் இதையும் மிகைப்படுத்த வேண்டாம். கறுப்புத் தாதுவை வெள்ளைத் தூளாக்கக் கந்தக அமிலத்தில் கரைக்கும் முறை உண்டு. அந்த முறையில் அமிலக் கழிவும் செம்மண் நிறச் சக்கையும் வரும். அமாங்கிலுள்ள மோனசைட்டில் கதிரியக்கம் கொண்ட தோரியம் இருக்கிறது. ஓர் ஆற்றைச் சுத்தம் செய்யும் தூள் இன்னோர் இடத்தில் கழிவை விட்டுவிட்டுத்தான் வருகிறது. இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பதே நேர்மையான மதிப்பீடு.

8. 2020 செப்டம்பர்

2020 செப்டம்பர் 3-ஆம் நாள் சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீரில் கடும் வாடை கண்டுபிடிக்கப்பட்டது. ரவாங் பகுதியில் சுங்கை கோங் வழியாகத் தொழிற்சாலைக் கழிவு வந்து சேர்ந்திருந்தது. ரந்தாவ் பாஞ்சாங் ஆலையும் சிலாங்கூர் ஆற்றின் மற்ற மூன்று நீர் சுத்திகரிப்பு ஆலைகளும் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 12 லட்சம் குடிநீர்க் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. நோய்த்தொற்றுக் காலம், கையைக் கழுவு என்று நாடே சொல்லிக்கொண்டிருந்த நேரம். மக்கள் வாளியோடு லாரிக்குக் காத்திருந்தார்கள்.

அன்று ஆற்றில் வந்தது சாயம் இல்லை. தண்ணீர் நிறம் மாறியதால் அல்ல, வாடையால்தான் கண்டுபிடித்தார்கள். நிறமும் வாடையும் இல்லாத ஒன்று வந்திருந்தால்? நிறம் நமக்கு எதிரி மட்டுமில்லை, எச்சரிக்கையும்தான். நிறத்தை மட்டும் நீக்கி நஞ்சை விட்டுவைக்கும் சுத்திகரிப்பு, எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

இன்னொன்றும் தெரிந்தது. 110 கிலோமீட்டர் ஆற்றில் கலந்துவிட்ட பிறகு எந்தத் தூளாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒளி வினையூக்கி வேலை செய்யக்கூடிய இடம் ஆலையின் கடைசிக் குழாய். அங்கே தண்ணீர் குறைவு, பெரும் அழுக்கு ஏற்கெனவே குட்டையிலோ தொட்டியிலோ நீங்கியிருக்கும், ஒளி உள்ளே இறங்கும். மிச்சம் மீதியை உடைத்துத் தீர்க்கும் இறுதிப் படியாக அது நிற்க முடியும். 2024-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு, அதிகபட்ச அபராதம் ஒரு கோடி ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டிருக்கிறது. கழிவை விட்டுவிட்டு அபராதம் கட்டுவதைவிடச் சுத்திகரிப்பது மலிவு என்ற நிலை வந்தால், ஆய்வகத்தில் காத்திருக்கும் முறைகளுக்கு ஆலையில் இடம் கிடைக்கும்.

முதல் கேள்விக்கு விடை இதுதான்: கண்டுபிடிப்பு தானாக ஆற்றைச் சுத்தம் செய்வதில்லை. அளக்க ஓர் எண்ணும், அந்த எண்ணைக் காக்கும் சட்டமும், சட்டத்தைக் கவனிக்கும் மக்களும் வேண்டும். நொய்யலில் அந்த மக்கள் விவசாயிகளாக இருந்தார்கள். சிலாங்கூர் ஆற்றில் அது நம் மாணவர்களாகவும் இருக்கலாம்.

வகுப்பறைக்கு

ஆண்டுகள் ஒரு பார்வையில்:
1856 – பெர்கின் செயற்கைச் சாயம்
1917 – தென்னமரம் தோட்டத்தில் செம்பனை
1938 – டைட்டானியம் டைஆக்சைடு சாயத்தை வெளுப்பது பற்றிய ஆய்வு
1972 – ஃபுஜிஷிமா, ஹோண்டா கட்டுரை
1974 – சுற்றுச்சூழல் தரச் சட்டம்
1977 – செம்பனை ஆலை விதிமுறை, சயனைடு ஆய்வு
1979 – ஆலைக் கழிவுநீர் விதிமுறை, நிறம் இல்லை
2009 – புதிய விதிமுறை, நிறம் சேர்ந்தது
2011 – திருப்பூர் ஆலைகளை மூட உத்தரவு
2020 – சிலாங்கூர் ஆற்றில் நீர்த் தடை
2024 – சட்டத் திருத்தம்

சிந்தனைக் கேள்விகள்:

1. செம்பனை ஆலைகள் 1978 முதல் 1984 வரை கழிவைக் குறைத்ததற்கும், ஒளி வினையூக்கி ஆலைக்கு வரத் தாமதமானதற்கும் உள்ள காரணங்களை ஒப்பிடுக. (குறிப்பு: தொழில்நுட்பம், சட்டம், செலவு என மூன்று தலைப்பில் எழுதினால் விடை ஒழுங்காக அமையும்.)

2. “தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் அல்ல.” அசோ சாயம், மெத்திலீன் நீலம், 2020 நிகழ்வு ஆகிய மூன்றையும் சான்றாகக் கொண்டு விளக்குக.

3. திருப்பூர் ஆலைகள் மூடப்பட்டதில் பாதிக்கப்பட்டவர்கள் யார் யார்? விவசாயி, தொழிலாளி, முதலாளி ஆகிய மூவரின் பக்கமும் நின்று தலா ஒரு பத்தி எழுதுக.

களப்பணி: உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள கால்வாய் எந்த ஆற்றில் சேர்கிறது என்று வரைபடத்தில் தேடிக் கோடிடுங்கள். அந்தக் கோட்டில் எங்கெல்லாம் தொழிற்சாலை, எங்கே குடிநீர் எடுக்கும் இடம் என்று குறியுங்கள். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் ஆலைகளுக்கு எந்தத் தரநிலை பொருந்தும் என்று வகுப்பில் பேசுங்கள். தண்ணீரைத் தொடவோ மாதிரி எடுக்கவோ வேண்டாம். இந்தப் பயிற்சிக்கு வரைபடமே போதும்.